ஆதாம் ஒருவரா, ஒரு கூட்டமா: ஜென்மப் பாவப் போதனையும் மனிதப் பரிணாமமும்

பரிணாமக் கொள்கைக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள பிணக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தால், உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதா என்ற கேள்வியைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். பழைய திருச்சபைகளை அந்தக் கேள்வி அவ்வளவாக வருத்தியதில்லை. ஆதியாகமத்தின் ஆறு நாட்களைச் சூரியன் எழுந்து விழும் நாட்களாகக் கொள்ள வேண்டியதில்லை என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். பூமி மிகப் பழையது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் புவியியல் காட்டியபோது, படித்த இறையியலாளர்களில் பலர் பெரிதும் கலங்காமல் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. மனித இனம் முழுவதும் ஒரே தம்பதியின் வழிவந்தது என்றும், அந்தத் தம்பதி செய்த ஒரு குற்றத்தால் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் பாவ நிலையிலேயே பிறக்கிறது என்றும் மேற்கத்தியத் திருச்சபை நூற்றாண்டுக்கணக்காகக் கற்பித்து வந்தது. இதுவே ஜென்மப் பாவப் போதனை. மனிதன் ஒரு தம்பதியாக அல்ல, ஒரு கூட்டமாகவே தோன்றினான் என்று உயிரியல் சொல்லத் தொடங்கியபோது அந்தப் போதனையின் அடித்தளமே கேள்விக்குள்ளானது.

இந்தப் போதனை விவிலியத்தில் இன்றைய வடிவில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றல்ல. விலக்கப்பட்ட கனியைப் பற்றிய ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் ‘பாவம்’ என்ற சொல்லே வருவதில்லை. அது முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில், ஆதாமின் மகன் காயீனிடம் கடவுள் பேசும் இடத்தில். அதன்பின் எபிரேய விவிலியம் ஆதாமை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. வம்சவரலாற்றுப் பட்டியலின் தலையில் பெயர் வருவதோடு சரி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த யூத நூல்களில்கூட ஒருமித்த கருத்து இல்லை. எஸ்ராவின் பெயரால் வழங்கும் நான்காம் நூல், ஆதாமே நீ என்ன செய்துவிட்டாய், விழுந்தது நீ மட்டுமல்ல, உன் வழிவந்த நாங்களும்தான் என்று புலம்புகிறது. அதே காலத்தைச் சேர்ந்த பாரூக்கின் இரண்டாம் நூலோ, நம்மில் ஒவ்வொருவரும் அவரவர்க்கு ஆதாம் என்று சொல்லி முடிக்கிறது. இந்த இரண்டு குரல்களுக்கும் சற்று முந்தியவர் கிறிஸ்துவின் தூதரான பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் ஒரே மனிதனால் பாவமும் பாவத்தினால் மரணமும் உலகத்தில் நுழைந்தன என்கிறார். அந்த ஒருவனுக்கு எதிர்நிலையில் கிறிஸ்து என்ற இன்னொருவரை நிறுத்துகிறார். இந்த ஒப்பீட்டின்மேல்தான் பின்னாளில் எல்லாக் கட்டுமானமும் எழுந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராக இருந்த இரேனேயு, ஆதாமை முதிர்ச்சியடையாத குழந்தையைப் போன்றவனாகக் கண்டார். மனிதன் முழுமையாக்கப்பட்டு அங்கிருந்து கீழே விழுந்தவன் அல்ல, வளர வேண்டியவனாகப் படைக்கப்பட்டு வழியில் தடுக்கியவன் என்பது அவர் பார்வை. மேற்கில் வென்றது இந்தப் பார்வை அல்ல, அகுஸ்தீனாரின் பார்வை. மனிதன் தன் முயற்சியால் பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாகியுவின் போதனையை எதிர்த்து அவர் கேட்ட கேள்வி கூர்மையானது: திருமுழுக்கு பாவமன்னிப்புக்காக என்றால், இன்னும் ஒரு குற்றமும் செய்யாத பச்சிளம் குழந்தைக்கு அதை ஏன் கொடுக்கிறோம்? அந்தக் குழந்தை சுமப்பது ஆதாமின் பாவம் என்பதே அவருடைய விடை. அவர் படித்த லத்தீன் விவிலியத்தில் பவுலின் வாசகம், எல்லாரும் ‘அந்த ஒருவனுக்குள்’ பாவம் செய்தார்கள் என்று பொருள் தந்தது. கிரேக்க மூலத்தை நேரடியாகப் படித்த கீழைத் திருச்சபை அந்த முடிவுக்கு வரவில்லை. ஆதாமிடமிருந்து நாம் பெறுவது மரணமும் பலவீனமும், அவனுடைய குற்றப்பொறுப்பு அல்ல என்பதே இன்றுவரை அதன் நிலைப்பாடு.

கார்த்தேஜில் 418இல் கூடிய ஆயர் மன்றமும், பிரான்சின் ஆரஞ்சு நகரில் 529இல் கூடிய மன்றமும் அகுஸ்தீனாரின் பக்கம் நின்றன. பிறகு சீர்திருத்த இயக்கம் எழுந்த காலத்தில், 1546 ஜூன் மாதம், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இதை விதியாகவே வரையறுத்தது: ஆதாமின் பாவம் பின்பற்றுதலால் அல்ல, வழிவழிப் பிறப்பினால் கடத்தப்படுகிறது, அது ஒவ்வொருவருக்கும் சொந்தமானதாக உள்ளே இருக்கிறது. ‘பின்பற்றுதலால் அல்ல’ என்ற அந்த ஒரு தொடர் பிற்காலத்தில் பல இறையியலாளர்களின் வழியை மறித்து நின்றது. கத்தோலிக்கப் போதனையின்படி ஒவ்வொரு ஆன்மாவையும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார். அப்படியானால் கடவுள் புதிதாகப் படைக்கும் ஆன்மாவில் கறை எப்படி ஏறுகிறது? உடல்வழி வம்சத் தொடர்ச்சி ஒன்றே அதற்கு எஞ்சும் பாதை. அதனால் அந்த வம்சம் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். சீர்திருத்தச் சபைகள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஆதாம் மனித இனத்தின் பிரதிநிதியாகக் கடவுளோடு உடன்படிக்கை செய்தவன், பிரதிநிதி தவறியபோது அவன் யாருக்காக நின்றானோ அவர்கள் எல்லாரின் கணக்கிலும் அந்தக் குற்றம் எழுதப்பட்டது என்று 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய இறையியலாளர்கள் வகுத்தார்கள். இதற்கும் உண்மையாக வாழ்ந்த ஓர் ஆதாம் தேவை.

மனித இனத்துக்கு ஒரே மூலம் என்பதை மறுத்த முதல் குரல் உயிரியலிலிருந்து வரவில்லை. பிரான்சைச் சேர்ந்த ஐசக் லா பெய்ரேர் 1655இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல், ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள் என்றது. காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள், அவன் யாருக்குப் பயந்தான், யாருக்காக நகரம் கட்டினான் என்ற பழைய சந்தேகங்களோடு, அமெரிக்கக் கண்டத்தின் மக்களைப் பற்றி ஐரோப்பா புதிதாக அறிந்துகொண்டதையும் அவர் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸில் கைது செய்யப்பட்டு, பிறகு ரோமில் தம் கருத்தைக் கைவிட்டார். அவருடைய யோசனையை இரண்டு நூற்றாண்டு கழித்துக் கையிலெடுத்தவர்களில் சிலரின் நோக்கம் கேவலமானது: கறுப்பின மக்களும் வெள்ளையரும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, அமெரிக்காவில் அடிமை முறைக்கு முட்டுக்கொடுத்தார்கள். கடவுள் ஒரே இரத்தத்திலிருந்து எல்லா இனத்தாரையும் உண்டாக்கினார் என்று பவுல் ஏதென்ஸில் சொன்னதை அப்போது திருச்சபைகள் பிடித்துக்கொண்டு நின்றன. எல்லா இனத்தாரும் ஒரே உயிரினம், பொது மூதாதையர் வழிவந்தவர்கள் என்று டார்வினும் 1871இல் வாதிட்டார் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைய மரபணு அறிவியல் சொல்வதும் ஒரே மரபுவழி என்பதுதான். ஆனால் ஒரே தம்பதி என்பதை அது ஏற்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விவாதத்தின் பாதி வீணாகிறது.

டார்வினுக்குப் பிறகு

போப் ஒன்பதாம் பயஸ் 1854இல் மரியாளின் அமல உற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். மரியாள் தம் தாயின் வயிற்றில் கருவான முதல் கணத்திலிருந்தே ஜென்மப் பாவத்தின் கறையிலிருந்து காக்கப்பட்டார் என்பது அதன் சாரம். மற்ற எல்லாருக்கும் அந்தக் கறை பிறப்போடு வருகிறது என்ற முற்கோளை இதைவிட உறுதியாக ஆணியடிக்க முடியாது. ஐந்தே ஆண்டுகளில் பரிணாமம் பற்றிய டார்வினின் முதல் பெருநூல் வெளியானது. எதிர்வினை பலரும் நினைப்பதைவிடக் கலவையாகவே இருந்தது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் சார்ல்ஸ் ஹாட்ஜ், 1874இல், டார்வினியம் நாத்திகமே என்று தீர்ப்பளித்தார். அதே கல்லூரியில் அவருக்குப் பின் பணியாற்றிய பெஞ்சமின் வார்ஃபீல்டு, விவிலியத்தில் பிழையே இல்லை என்ற கொள்கையின் தலைசிறந்த வழக்கறிஞர். அவரோ பரிணாமத்துக்கு இடம்கொடுத்தார். மனித இனம் எவ்வளவு பழையது என்பதற்கு இறையியலில் முக்கியத்துவம் எதுவும் இல்லை, அது ஒன்றே என்பதற்குத்தான் முக்கியத்துவம் என்று 1911இல் அவர் எழுதினார். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று தெளிவாகக் கோடு போட்டவர்களில் அவர் ஒருவர்.

கத்தோலிக்கத் தலைமையிடமான ரோம் அந்தக் காலத்தில் பொதுவெளியில் பேசாமல் திரைக்குப் பின்னால் செயல்பட்டது. மனித உடல் பரிணாமத்தால் வந்திருக்கலாம் என்று எழுதிய பிரெஞ்சு தொமினிக்கன் துறவி தால்மாஸ் லெருவா, 1895இல் தம் கருத்தைத் திரும்பப் பெற வைக்கப்பட்டார். அமெரிக்கக் குருவான ஜான் சாமின் நூலுக்கு 1898இல் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆணை வெளியிடப்படவில்லை. கலிலேயோ விவகாரத்தின் சூடு ரோமுக்கு இன்னும் நினைவிருந்தது என்றே தோன்றுகிறது; நூல்களை அடக்கினார்களே தவிர, கொள்கையை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை.

இயேசு சபைக் குருவும் தொல்லுயிரியலாளருமான பியேர் தெயார் த ஷார்தன் பட்ட பாடு இதைவிடக் கூடுதல். ஜென்மப் பாவத்தைப் பரிணாம உலகத்தில் எப்படிப் புரிந்துகொள்வது என்று 1922இல் அவர் தனிச்சுற்றுக்கு எழுதிய குறிப்பு ஒன்று ரோமுக்குப் போய்ச் சேர்ந்தது. பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிலையத்தில் வகித்த ஆசிரியப் பணியை அதனால் இழந்து, 1926இல் மீண்டும் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சோகோதியன் குகைகளில் ‘பீக்கிங் மனிதன்’ என்ற ஆதி மனித வகையின் எலும்புகளை ஆராய்ந்த குழுவில் அவரும் ஒருவர். ஆதாமைப் பற்றிப் பேசக் கூடாது என்று அனுப்பப்பட்டவரின் கையில், ஆதாமைப் பற்றிய கேள்வியை இன்னும் கடினமாக்கும் மண்டையோடுகள் வந்து சேர்ந்ததை வரலாற்றின் கேலி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வாக்கியம் விட்ட இடைவெளி

போப் பன்னிரண்டாம் பயஸ் 1950 ஆகஸ்டு 12 அன்று வெளியிட்ட ‘ஹுமானி ஜெனரிஸ்’ என்ற சுற்றுமடலில் கத்தோலிக்கத் திருச்சபை முதன்முறையாக இதை நேருக்கு நேர் எடுத்துப் பேசியது. மனித உடல் ஏற்கனவே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதை அறிஞர்கள் ஆராயலாம், விவாதிக்கலாம். ஆன்மாவை மட்டும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை விசுவாசிகள் விட்டுவிடக் கூடாது என்றது அது. பரிணாமத்துக்கு இப்படி ஒரு கதவைத் திறந்த கையோடு, இன்னொரு கதவை மூடியது. ஆதாமுக்குப் பிறகு அவன் வழி வராத உண்மையான மனிதர்கள் பூமியில் இருந்தார்கள் என்றோ, ஆதாம் என்பது பல முதற்பெற்றோரைக் குறிக்கும் பெயர் என்றோ விசுவாசிகள் கொள்ள முடியாது என்றது. அதற்கு அது தந்த காரணம்தான் கவனிக்கத்தக்கது: ஜென்மப் பாவம் ஓர் ஆதாம் உண்மையாகவே செய்த பாவத்திலிருந்து வந்து, பிறப்பின் வழியே எல்லாரிடமும் கடத்தப்படுவது, அந்தப் போதனையோடு இந்தக் கருத்தை எப்படி இணைக்க முடியும் என்பது எவ்வகையிலும் தென்படவில்லை.

‘இணைக்க முடியாது’ என்று எழுதியிருந்தால் விவகாரம் அன்றே முடிந்திருக்கும். ‘இணைக்கும் வழி தென்படவில்லை’ என்று எழுதியது, வழி ஒருநாள் தென்பட்டால் என்ன என்ற கேள்வியைத் திறந்தே வைத்தது. ஜெர்மானிய இறையியலாளர் கார்ல் ரானர் இந்த இடைவெளியில் நடந்த பயணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒற்றைத் தம்பதி என்ற நிலைப்பாட்டை 1954இல் நீண்ட வாதத்தோடு ஆதரித்த அவர், 1967இல், பல முதற்பெற்றோர் இருந்தார்கள் என்பதும் ஜென்மப் பாவப் போதனையோடு முரண்படாது என்று நிலையை மாற்றிக்கொண்டார். இடையில் 1966இல் போப் ஆறாம் பவுல் இதே பொருள் குறித்து இறையியலாளர்களைக் கூட்டிப் பேசினார். பழைய எல்லையைத் தாண்டாதீர்கள் என்பதே அவருடைய அறிவுரையின் சாரம். அதே ஆண்டில் நெதர்லாந்து ஆயர்கள் வெளியிட்ட மறைக்கல்வி நூல், ஒவ்வொரு குழந்தையும் பாவத்தால் ஏற்கனவே கெட்டுப்போன ஒரு சூழலுக்குள் பிறக்கிறது, அந்த ‘உலகின் பாவமே’ ஜென்மப் பாவம் என்ற இறையியலாளர் பீட் ஸ்கோனென்பெர்க்கின் சிந்தனைக்கு நெருக்கமாக விளக்கம் தந்தது. கர்தினால்கள் குழு 1968இல் அதில் திருத்தங்கள் கேட்டது. சூழலிலிருந்து தொற்றுவது என்றால் அது பின்பற்றுதல்தானே என்று திரெந்தின் பழைய தொடர் குறுக்கே வந்து நின்றது.

மரபணு சொல்வது என்ன

பன்னிரண்டாம் பயஸ் எழுதிய காலத்தில் ஒற்றைத் தம்பதி என்பதை மறுக்கப் புதைபடிவங்கள் மட்டுமே இருந்தன. அவற்றை வைத்து எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று கணக்கிட முடியாது. இன்று வாழ்கிறவர்களின் மரபணுக்களே இப்போது அந்தக் கணக்கைத் தருகின்றன. ஒரு தம்பதியிடம் எந்த ஒரு மரபணுவுக்கும் அதிகபட்சம் நான்கு வடிவங்களே இருக்க முடியும், ஏனெனில் ஆளுக்கு இரண்டு பிரதிகள். நோய் எதிர்ப்பு ஆற்றலோடு தொடர்புடைய சில மரபணுக்களில் மனிதரிடையே பல நூறு வடிவங்கள் உள்ளன. அவற்றில் சில வகைகள் மனிதரும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பிருந்தே தொடர்பவை. இத்தனை பழைய வேறுபாடுகளை நால்வடிவ வரம்புக்குள் ஒடுக்கிக் கடத்தியிருக்க முடியாது என்று வாதிட்ட பிரான்சிஸ்கோ அயாலா, நம் முன்னோரின் எண்ணிக்கை ஒருபோதும் சில ஆயிரங்களுக்குக் கீழே இறங்கவில்லை என்று 1995இல் எழுதினார். இவர் ஒரு காலத்தில் தொமினிக்கன் குருவாக இருந்தவர். பின்னர் முழு மரபணுத் தொகுதிகளை வைத்துச் செய்த கணிப்புகளும் இனப்பெருக்கத்தில் பங்கேற்ற முன்னோரைப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில்தான் காட்டுகின்றன.

1987இல் பிரபலமான ‘மைட்டோகாண்ட்ரியா ஏவாள்’ என்ற பெயர் இங்கே நிறையக் குழப்பத்தை உண்டாக்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் இன்றுள்ள எல்லாரின் தாய்வழித் தொடரும் போய்ச் சேர்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். அவள் காலத்தில் வேறு பெண்களும் வாழ்ந்தார்கள். அவர்களுடைய மகன்கள் வழியாகவும் பேத்திகள் வழியாகவும் மற்ற மரபணுக்கள் நம்மை வந்தடைந்திருக்கின்றன. விவிலியத்து ஏவாளை அறிவியல் கண்டுபிடித்துவிட்டது என்று இதை மேற்கோள் காட்டுவது பிழை.

2010இல், அழிந்துபோன மனித வகையான நியாண்டர்தாலின் மரபணுத் தொகுதி வெளியானபோது இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுவில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகள் நம் இனத்தின் தொடக்கத்தைச் சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோயின. அப்படியிருக்க, ‘முதல் மனிதன்’ என்று யாரைச் சொல்வது? நியாண்டர்தாலும் ஆதாமின் பிள்ளையா, இல்லை நம் மூதாதையரில் சிலர் ஆதாமின் குடும்பத்துக்கு வெளியே மணம் முடித்தார்களா?

விடைதேடியவர்கள்

பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டு வயதே என்று நம்பும் அமெரிக்கச் சுவிசேஷக் குழுக்களுக்கு இந்தக் கேள்விகள் எழுவதேயில்லை. அறிவியலை மொத்தமாக மறுத்துவிட்டால் எதையும் இணைக்கத் தேவையில்லை. அறிவியலையும் விசுவாசத்தையும் சேர்த்துப் பிடிக்க முயல்கிறவர்களின் முயற்சிகளே இங்கே பேசத்தக்கவை.

கத்தோலிக்க மெய்யியலாளர் கென்னத் கெம்ப் 2011இல் முன்வைத்த வழி, உடலால் மனிதன் என்பதையும் ஆன்மாவால் மனிதன் என்பதையும் பிரிக்கிறது. சில ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் இருவருக்கு மட்டும் கடவுள் பகுத்தறியும் ஆன்மாவைத் தருகிறார்; அவர்கள் விழுகிறார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் சுற்றியிருந்தவர்களோடு கலந்து பெருகுகிறார்கள்; காலப்போக்கில் அந்த இருவரின் வழி வராதவர் ஒருவருமில்லை என்றாகிறது. மரபணு வேறுபாடுகள் கூட்டத்திடமிருந்தும், ஜென்மப் பாவம் அந்தத் தம்பதியிடமிருந்தும் வருகின்றன. வாதமாகப் பார்த்தால் இதில் ஓட்டை இல்லை. ஆனால் தோற்றத்திலும் பேச்சிலும் தன்னைப் போலவே இருக்கும் ஒரு துணையோடு, அந்தத் துணைக்கு ஆன்மா இல்லை என்ற நிலையில், முதல் மனிதர்களின் பிள்ளைகள் குடும்பம் நடத்தினார்கள் என்று இது சொல்ல வேண்டியிருக்கிறது. அதை ஏற்க மனம் கூசுகிறது.

செயின்ட் லூயிஸில் பணியாற்றும் கணினி உயிரியலாளர் ஜோஷுவா சுவாமிதாஸ், 2019இல், இதே தடத்தில் இன்னும் துணிவாக நடந்தார். இன்று வாழும் எல்லாருக்கும் பொதுவான ஒரு மூதாதை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கலாம் என்று 2004இல் ஒரு கணித ஆய்வு காட்டியிருந்தது. வம்சத் தொடர்ச்சி வேறு, மரபணுத் தொடர்ச்சி வேறு. நம் முன்னோரில் பெரும்பாலோரின் மரபணு நம்மிடம் ஒரு துண்டுகூட இல்லை. ஆகவே ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியக் கிழக்கில் கடவுள் புதிதாகப் படைத்த ஒரு தம்பதியும் நம் எல்லாருக்கும் முன்னோராக இருக்க முடியும், அதை மரபணு அறிவியலால் மறுக்க முடியாது என்பது அவர் வாதம். உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் கடல்மட்டம் உயர்ந்து பல்லாயிரம் ஆண்டு துண்டிக்கப்பட்டிருந்த டாஸ்மேனிய ஆதிக்குடிகளைப் போன்றோர் அந்த வம்சத்துக்குள் எப்போது வந்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. வருவதற்கு முன் வாழ்ந்து மடிந்த தலைமுறைகள் இறையியல் கணக்கில் யார் என்று கேட்டால், லா பெய்ரேரின் பழைய முட்டுச்சந்துக்கே வந்து நிற்கிறோம். இதைத் தவிர்க்க விரும்பிய மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரெய்க் 2021இல் ஆதாமைச் சுமார் 7,50,000 ஆண்டுகளுக்கு முன், நமக்கும் நியாண்டர்தால்களுக்கும் பொதுவான மூதாதை இனத்தில் கொண்டுபோய் வைத்தார். அவ்வளவு தொலைவில் ஒற்றைத் தம்பதியை மரபணுக் கணிப்புகள் விலக்கவில்லை என்பது அவர் பிடித்துக்கொண்ட இழை. கல்லாயுதம் செய்து வேட்டையாடிய அந்த ஆதாமுக்கும், ஆடு மேய்த்த ஆபேலுக்கும் பயிர் செய்த காயீனுக்கும் தந்தையாக ஆதியாகமம் காட்டுகிறவருக்கும் பெயரைத் தவிர எவ்வளவு ஒட்டுகிறது என்பது வேறு விஷயம்.

விவிலியம் ஒன்றையே ஆதாரமாகக் கொள்ளும் சபைகளில் கேள்வி பவுலிடம் போய் முட்டுகிறது. பவுல் தம் காலத்து யூதராக ஆதாமை வரலாற்று மனிதன் என்று எண்ணியிருக்கலாம், கிறிஸ்துவைப் பற்றி அவர் சொன்னது அதனால் குறைந்துவிடாது என்று விவிலிய அறிஞர் பீட்டர் என்ஸ் போன்றோர் வாதிடுகிறார்கள். ஒரு பக்கம் உண்மை மனிதரும் மறுபக்கம் கதைமாந்தரும் நின்றால் அந்த ஒப்பீடே குலையும் என்பது எதிர்த்தரப்பு. மிச்சிகனிலுள்ள கால்வின் கல்லூரியில் சமயப் பேராசிரியர் இருவர் வரலாற்று ஆதாமை ஐயுற்று 2010இல் கட்டுரைகள் எழுதியது பெரும் சர்ச்சையாகி, அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவர் பணியை விட்டு விலகியதில் முடிந்தது.

குற்றம் யாருடையது

ஒற்றைத் தம்பதியா கூட்டமா என்ற கேள்வியில் எல்லாரும் இவ்வளவு உழைக்கும்போது, அதைவிடக் கனமான கேள்வி ஓரத்தில் கிடக்கிறது என்பது என் எண்ணம். அகுஸ்தீனார் இந்தப் போதனையைக் குழந்தைத் திருமுழுக்குக்காக மட்டும் கட்டவில்லை. இளமையில் அவர் சேர்ந்திருந்த மானிகேய சமயம், தீமைக்குத் தனியே ஒரு மூலம் உண்டு என்றது. அதை விட்டு வந்தவருக்கு, எல்லாவற்றையும் நல்லதாகப் படைத்த ஒரே கடவுளின் உலகில் தீமை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. மனித விருப்பத்தின் திரிபிலிருந்து என்றார். முதலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, மனிதன் கெடுத்தான். கடவுளைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதே இந்தக் கதையின் வேலை.

பரிணாமம் அந்த ‘முதலில்’ என்பதை எடுத்துவிடுகிறது. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மரணமும் வேட்டையும் நோயும் இருந்தன என்பது ஒன்று. இது அவ்வளவு பெரிய இடையூறு அல்ல. ஆதாம் விழுந்ததால் சிங்கம் புல்லை விட்டு இறைச்சிக்கு மாறவில்லை, விலங்குகளின் இயல்பு மனிதப் பாவத்தால் மாறவில்லை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். மனிதனின் மரணமும் இயற்கையானது, அருள் மட்டுமே அவனை அதிலிருந்து காத்திருக்கும் என்றார் நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியு. பாவம் செய்யாதிருந்தாலும் ஆதாம் இறந்திருப்பான் என்று சொல்வோரைக் கார்த்தேஜ் மன்றம் சபித்திருந்தாலும், அருளால் காக்கப்பட்ட ஆதாம் என்ற வழியில் அதையும் சமாளிக்கலாம். சமாளிக்கக் கடினமானது மற்றொன்று: நாம் பாவத்தின் வேர் என்று சொல்லும் பேராசை, சினம், காமம், தன் கூட்டத்தைத் தவிர மற்றவரை வெறுக்கும் இயல்பு ஆகியவை விழுந்ததால் வந்தவை அல்ல, நம்மை உயிரோடு வைத்திருந்ததால் வந்தவை. இயற்கைத் தேர்வு தேர்ந்தெடுத்த குணங்கள் அவை. அந்தத் தேர்வையே தம் படைப்பு முறையாகக் கடவுள் கொண்டார் என்றால், அவற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

கேம்பிரிட்ஜில் 1901–02இல் சொற்பொழிவாற்றிய ஆங்கிலிக்கன் குரு எஃப். ஆர். டெனன்ட் இதை நேர்மையாக எதிர்கொண்டார். விலங்கு மரபிலிருந்து வந்த உந்துதல்கள் பாவமல்ல, நல்லதுமல்ல கெட்டதுமல்ல; அறநெறி உணர்வு மெல்லத் தோன்றிய பிறகு, தெரிந்தே அவற்றுக்கு இணங்கும்போதுதான் பாவம் தொடங்குகிறது என்றார். இச்சை தன்னளவில் பாவமல்ல என்று திரெந்தும் சொல்லியிருப்பதால் இது அவ்வளவு அந்நியமான கருத்து அல்ல. கடற்பசுக்களின் புதைபடிவங்களை ஆராய்வதில் பெயர்பெற்ற கத்தோலிக்கத் தொல்லுயிரியலாளர் டேரில் டாம்னிங் 2006இல் ஒரு படி மேலே போனார். எல்லா உயிர்களுக்கும் பொதுவான தன்னலம்தான் நமக்கு மரபாக வந்திருக்கிறது. அது பொதுமூதாதை வழியே எல்லாரையும் வந்தடைவதால் ஜென்மப் பாவத்தின் பொதுமைக்கு ஒற்றைத் தம்பதி தேவையே இல்லை என்றார். மனிதர் எல்லாரும் விதிவிலக்கின்றிப் பாவிகள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் பிடி இங்கேதான். எல்லாரும் விழுவது தவிர்க்க முடியாதது என்றால் அது படைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. தவிர்க்கக்கூடியது என்றால் ஒருவர்கூட ஏன் தப்பவில்லை என்று சொல்ல வேண்டும். அகுஸ்தீனாரின் கதை இந்த இரண்டு கொம்புகளுக்கும் நடுவே நுழைந்து போக ஒரு வரலாற்று நிகழ்வைக் கொடுத்தது. அந்த நிகழ்வை எடுத்துவிட்டு இன்னொன்றை அங்கே வைக்க யாராலும் இன்னும் முடியவில்லை.

இதனால்தான் மேற்கிலும் சிலர் இரேனேயுவிடம் திரும்புகிறார்கள். வளர வேண்டியவனாகவே மனிதன் படைக்கப்பட்டான் என்றால், தன்னலத்திலிருந்து அன்புக்கு நகர்வதே அவனுக்குக் குறிக்கப்பட்ட பாதை. மனிதன் பாவம் செய்யாதிருந்தாலும் கிறிஸ்து மனிதனாகியிருப்பார் என்று பிரான்சிஸ்கன் சிந்தனையாளர் தன்ஸ் ஸ்கோட்டஸ் கற்பித்தது இந்தப் பார்வைக்குத் துணைசெய்கிறது. இதில் மீட்பு என்பது உடைந்ததைச் சரிசெய்தல் என்பதைவிட, தொடங்கியதை நிறைவுசெய்தல் என்றாகிறது. அதற்கு விலை உண்டு: சிலுவை மரணம் ஏன் அவசியம் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டும், மரியாள் எதிலிருந்து காக்கப்பட்டார் என்பதையும் புதிதாகச் சொல்ல வேண்டும்.

ரோமின் இன்றைய நிலையைச் சில ஆவணங்களுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஆதியாகமம் 3ஆம் அதிகாரம் உருவக மொழியில் பேசினாலும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்வை உறுதிசெய்கிறது என்கிறது. ஜென்மப் பாவம் நாம் செய்த செயல் அல்ல, நாம் பிறக்கும் நிலை என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளைவிட மேலானது என்று வத்திக்கானின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். ஒற்றைத் தம்பதியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2004இல் வெளியிட்ட ஆவணம், மனித இனம் சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டத்திலிருந்து தோன்றியது என்ற அறிவியல் முடிவை ஏற்புடையதாக எடுத்துக்கொண்டு, முதல் மனிதர்கள் ‘தனியாட்களாகவோ கூட்டங்களாகவோ’ தோன்றியிருக்கலாம் என்று ஒரு துணைத்தொடரில் சொல்லிக் கடந்துபோனது. அதை வெளியிட இசைவு தந்தவர், அடுத்த ஆண்டு போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கர்தினால் ராட்சிங்கர். குழுவின் ஆவணத்துக்குத் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை என்ற தகுதி கிடையாது. அதேவேளை 1950ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் அந்த வாக்கியத்தை ரோம் இன்னும் திரும்பப் பெறவும் இல்லை.